துணி அலமாரியில் தட்டும் ராடும் தொய்யாமல் நிற்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றியிருக்கும் அறைகளைத் திறந்தால் மரப்பெட்டி இருக்கும், சுவரில் மாடம் இருக்கும், கதவு போட்ட சுவர் அலமாரி ஒன்றும் இருக்கும். துணியை மடித்து வைத்த காலத்துக்கு அவை போதும். இன்று சட்டை, சுடிதார், தினமும் கட்டும் புடவை எல்லாம் ஹேங்கரில் தொங்க வேண்டும் என்று கேட்கிறோம். அதற்காகப் புதிதாக அலமாரி செய்பவர்கள் பலகை, லேமினேட், கைப்பிடி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். ஹேங்கர் மாட்டும் ராடு எதன்மேல் உட்காரும், தட்டின் எடை எங்கே போய் இறங்கும் என்பதை மட்டும் கடைசி நாளில் ஆசாரியிடம் விட்டுவிடுகிறார்கள். இரண்டு தீபாவளி போனதும் தட்டு நடுவில் குழிகிறது, ராடு ஒரு பக்கம் கழன்று விழுகிறது.

இதைத் தவிர்க்க ஒரே விதிதான். துணியின் எடை ராடுக்கும் தட்டுக்கும், அங்கிருந்து பக்கப் பலகைக்கும், பக்கப் பலகையிலிருந்து தரைக்கும் நேராக இறங்க வேண்டும். வழியில் எந்த இடத்திலும் எடை முழுவதையும் ஒரு ஸ்க்ரூவின் பிடிமானம் மட்டும் சுமக்கக் கூடாது. பழைய வீடுகளில் உத்திரத்திலிருந்து கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மூங்கில் கொடியும் இந்தக் கணக்கில்தான் நின்றது. ஈரத்துணி பூராவையும் உத்திரம் தாங்கியது. சுவருக்கு வேலையே இல்லை.

முதலில் எடை

ஒரு அடி ராடில் நெருக்கி மாட்டினால் 10 முதல் 12 உருப்படி தொங்கும். பருத்திச் சட்டை ஹேங்கரோடு கால் கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஜீன்ஸ் முக்கால் கிலோ. ஜரிகை நிறைந்த பட்டுப்புடவை முக்கால் கிலோவில் தொடங்கி ஒரு கிலோவையும் தாண்டும். கலந்து மாட்டினால் அடிக்கு 6 முதல் 8 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 அடி ராடுக்கு 25 கிலோ, அதாவது ஒரு அரிசி மூட்டை. தட்டில் மடித்து வைக்கும் புடவைகள் இதைவிடக் கனம். கண்டாங்கி போன்ற கெட்டி நெசவுச் சேலைகளை ஒரு முழ உயரத்துக்கு இரண்டு வரிசை அடுக்கிவிட்டுக் கையால் தூக்கிப் பாருங்கள், தெரியும்.

கல்யாணப் பட்டுகளை ராடில் மாட்டாமல் இருப்பது துணிக்கும் நல்லது. ஜரிகையின் கனம் மடிப்பில் இழுத்துக்கொண்டே இருப்பதால், நாளடைவில் அந்த மடிப்பிலேயே இழை பிரிகிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றித் தட்டில் படுக்க வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றுங்கள். கம்பி ஹேங்கர் மழைக்காலத்தில் துருப்பிடித்துப் புடவையில் கறை வைக்கும், அதனால் அது எதற்குமே வேண்டாம்.

நீளம் கூடினால் என்ன ஆகும்

புதிதாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அடிக்கு இவ்வளவு கிலோ என்று சீராக எடை ஏறும் கம்பியோ பலகையோ, தாங்கும் இடங்களுக்கு நடுவே உள்ள நீளம் இரண்டு மடங்கானால் இரண்டு மடங்கு தொய்வதில்லை. 16 மடங்கு தொய்கிறது. வெளி விட்டம் 25 மி.மீ., சுவர் கனம் 1.2 மி.மீ. உள்ள ஸ்டீல் குழாய் 3 அடி இடைவெளியில் 25 கிலோவுக்கு 2 மி.மீ.கூடத் தொய்யாது. அதே குழாயை 6 அடிக்கு நீட்டி, அதே நெருக்கத்தில் துணி மாட்டினால் நடுவில் ஏறக்குறைய 30 மி.மீ. இறங்கும். ஒரு இஞ்சுக்கு மேல். ஹேங்கர்கள் எல்லாம் நடுவுக்குச் சறுக்கி வரும், எடை அங்கேயே குவியும், இன்னும் இறங்கும்.

பலகையின் கனம் இதற்கு எதிர்ப்பக்கம் வேலை செய்கிறது. 12 மி.மீ. பலகைக்குப் பதில் 18 மி.மீ. போட்டால் விறைப்பு ஒன்றரை மடங்கு கூடுவதோடு நிற்பதில்லை, மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ஆகவே 12 மி.மீ. பிளையில் தட்டுப் போட்டு மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை.

கைக்கணக்கு இப்படி: 18 மி.மீ. பிளைவுட் தட்டுக்குத் தாங்கல்களின் இடைவெளி 32 இஞ்ச் வரை போகலாம். மரத்தூளையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்த 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டுக்கும் எம்.டி.எஃப்.புக்கும் 24 இஞ்சோடு நிறுத்துங்கள். 25 மி.மீ. ஸ்டீல் ராடு 3 அடி தாராளம், 4 அடி கடைசி எல்லை. அலுமினியக் குழாயின் விறைப்பு அதே அளவுள்ள ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், அதனால் 2 அடிக்கு மேல் நம்ப வேண்டாம். திரைச்சீலை ராடு பார்க்கப் பளபளவென்று அதே பருமனில் இருக்கும். ஆனால் தகடு மெல்லியது. திரைக்கு மட்டும் அது.

நடுவில் ஒரு தாங்கல் கொடுத்து நீள ராடு போடுவதாக இருந்தால் இன்னொன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று இடத்தில் தாங்கும் ஒரே குழாயில் நடுத் தாங்கலுக்கு மொத்த எடையில் எட்டில் ஐந்து பங்கு வருகிறது. இரண்டு முனைகளும் மீதியைத்தான் பகிர்ந்துகொள்கின்றன. மெல்லிய கொக்கி ஒன்றை நடுவில் தட்டின் அடியில் ஸ்க்ரூ போட்டு மாட்டினால், பாதிக்கு மேற்பட்ட எடை அந்தக் கொக்கியையும் தட்டையும் பிடித்துக் கீழே இழுக்கும். அதைவிட நடுவில் தரைவரை இறங்கும் பலகை ஒன்றை நிறுத்தி, ராடை இரண்டாக வெட்டிவிடுங்கள்.

அளவுகள்

ஹேங்கர் 17 முதல் 18 இஞ்ச் அகலம். அதில் சட்டை மாட்டினால் தோள் இன்னும் கொஞ்சம் வெளியே வரும். அதனால் அலமாரியின் உள் ஆழம் 22 இஞ்சுக்குக் குறையக் கூடாது, 24 இருந்தால் நிம்மதி. ராடின் நடுக்கோடு பின்பலகையிலிருந்து 12 இஞ்சில் இருக்கட்டும். ராடின் நடுவுக்கும் மேலே உள்ள தட்டின் அடிக்கும் இரண்டரை இஞ்ச் விடுங்கள். இதைக் குறைத்தால் ஹேங்கரின் கொக்கியைத் தூக்கிக் கழற்ற இடம் இருக்காது. ஒவ்வொரு முறையும் தட்டில் இடிக்கும்.

ராடின் உயரத்தைப் புத்தகம் பார்த்து வைக்காதீர்கள். வீட்டில் இருப்பதிலேயே நீளமான உடுப்பை, அது அனார்கலியாகவோ நைட்டியாகவோ இருக்கலாம், ஹேங்கரில் போட்டுக் கொக்கியின் உச்சியிலிருந்து நுனிவரை டேப் பிடியுங்கள். அதோடு 4 இஞ்ச் கூட்டுங்கள். பெரும்பாலும் 60 முதல் 64 இஞ்சுக்குள் வரும். வயதானவர்கள் எடுக்கும் அலமாரி என்றால் தரையிலிருந்து 5 அடிக்கு மேல் ராடு போகக் கூடாது. நீள உடுப்பைத் தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம், தோள்வலியை மாற்ற முடியாது. மேலும் கீழுமாக இரண்டு ராடு வேண்டுமென்றால் தரையிலிருந்து 42 இஞ்சிலும் 80 இஞ்சிலும் வைப்பார்கள். மேல் ராடு குட்டையானவர்களுக்கு எட்டாது.

6 அடி அலமாரி: என்னென்ன வேண்டும்

6 அடி அகலம், 7 அடி உயரம், 2 அடி ஆழம். இடப்பாகம் தொங்கவிட, வலப்பாகம் தட்டுகளுக்கு. கதவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

18 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 அடி ஷீட் நான்கு. இந்தியத் தர எண் ஐ.எஸ். 710 முத்திரை உள்ளது கொதிநீரையும் தாங்கும் ரகம். ஐ.எஸ். 303 முத்திரையில் இரண்டு தரம் உண்டு, அதில் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரை எதிர்ப்பது) எழுதியதை வாங்குங்கள், எம்.ஆர். (ஈரப்பதத்தை மட்டும் எதிர்ப்பது) எழுதியதை இங்குள்ள மழைக்கால ஈரத்துக்கு வேண்டாம் என்று சொல்வோம். பின்பக்கத்துக்கு 6 மி.மீ. பிளை ஒன்றரை ஷீட். தேக்குப் பட்டி 5 இஞ்ச் அகலம், முக்கால் இஞ்ச் கனம், 4 அடி. தட்டின் முன்விளிம்புக்கு ஒன்றரைக்கு முக்கால் இஞ்ச் தேக்குச் சட்டம் 15 அடி. 25 மி.மீ. ஸ்டீல் குழாய் 3 அடி. உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய 4 இஞ்ச் பி.வி.சி. கால் 6. தட்டு தாங்கும் இரும்பு முளை, 5 மி.மீ. தண்டு உள்ளது, 16. இரண்டு மூன்று கூடவே வாங்குங்கள், வேலை நடக்கும்போது உருண்டு போய்விடும். 8 நம்பர் ஸ்க்ரூ 50 மி.மீ. நீளத்தில் 30, 32 மி.மீ. நீளத்தில் 20. மரப்பசை ஒரு கிலோ.

தேக்குப் பட்டிக்குப் புது மரம் வாங்க வேண்டியதில்லை. இடித்த வீட்டுப் பர்மாத் தேக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கிறது. சன்னல் சட்டத்தின் ஒரு துண்டு போதும். வாங்கியதும் காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் பழைய ஆணி ரம்பத்தின் பல்லைப் பிடுங்கிவிடும். பழைய தேக்கில் துளை போடாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் மரம் விடாது, ஸ்க்ரூவின் தலை முறிந்து கையோடு வரும். 8 நம்பருக்கு 3 மி.மீ. துளை முதலில் போடுங்கள்.

வெட்டும்போது

அடிப்பலகையும் மேல்பலகையும் முழு 6 அடியாக ஒரே ஷீட்டில் வெட்டுங்கள். நிற்கும் பலகைகள் மூன்று, ஒவ்வொன்றும் 78 இஞ்ச் 4 நூல் (8 நூல் ஒரு இஞ்ச்). கால் 4 இஞ்ச், மேல் கீழ்ப் பலகைகளின் கனம் ஒன்றரை இஞ்ச் போக 7 அடியில் மீதம் அதுதான். 4 அடியை இரண்டாகப் பிளக்கும்போது ரம்பம் ஒரு நூல் தின்றுவிடும் என்பதால் ஆழம் சரியாக 24 வராது. எல்லாவற்றையும் 23 இஞ்ச் 7 நூல் என்று ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று பலகைகளின் கனம் போனால் ஒவ்வொரு பாகத்தின் உள் அகலமும் 34 இஞ்ச் 7 நூல். தட்டுகள் ஐந்து: இடப்பாகத்தில் ராடுக்கு மேல் ஒன்று, வலப்பாகத்தில் நான்கு. ஆழம் 16 இஞ்ச் போதும். மடித்த சேலை அதற்குள் அடங்கும், பின்னால் எதையும் மறந்து வைக்க இடமிருக்காது.

மேல் கீழ்ப் பலகை வெட்டிய ஷீட்டில் 2 அடிக்கு 4 அடித் துண்டு ஒன்று மிஞ்சும். அதில் ஒரு தட்டு எடுத்துவிடலாமே என்று ஆசை வரும். வேண்டாம். பிளையின் மேல்பரப்பில் இழை ஓடும் திசை 8 அடிப் பக்கம். அந்தத் துண்டில் 35 இஞ்ச் நீளத்தை எடுத்தால் இழை தட்டுக்குக் குறுக்கே ஓடும். பிளை இழையோட்டத்தில் விறைப்பு, குறுக்கே இளக்கம். ஐந்து தட்டில் ஒன்று மட்டும் தொய்ந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான். அந்தத் துண்டைக் கால்களை மறைக்கும் முன்பட்டிக்கும், வேறு சின்ன வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

யூ வெட்டுப் பட்டி

கடையில் ராடோடு கொடுக்கும் வட்டமான சாக்கெட்டில் இரண்டு மூன்று சின்ன ஸ்க்ரூ வரும். 18 மி.மீ. பலகையில் அதைவிட நீளமாகப் போட முடியாது, மறுபக்கம் துருத்தும். எடை முழுவதும் அந்தச் சின்ன ஸ்க்ரூக்களின் கழுத்தில் தொங்கும். தினமும் ஹேங்கரை இழுக்க இழுக்க துளை நீளவாக்கில் விரியும். பார்ட்டிகிள் போர்டு என்றால் தூளாகக் கொட்டும்.

அதற்குப் பதில் தேக்குப் பட்டியை 22 இஞ்ச் நீளத்தில் இரண்டு துண்டாக வெட்டுங்கள். 5 இஞ்ச் அகலம் செங்குத்தாக நிற்கும்படி பிடித்து, பின்முனையிலிருந்து 12 இஞ்சில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டை நடுவாக வைத்து, மேல்விளிம்பிலிருந்து 3 இஞ்ச் ஆழத்துக்கு, குழாய் இறங்கும் அகலத்தில் யூ வடிவப் பள்ளம் எடுங்கள். அடியில் 25 மி.மீ. துளை போட்டுவிட்டு மேலிருந்து இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்தால் பள்ளம் சுத்தமாக வரும். பள்ளத்துக்குக் கீழே 2 இஞ்ச் மரம் மிச்சம் இருக்கிறது. ராடு அந்த மரத்தின்மேல் முக்கால் இஞ்ச் நீளத்துக்கு உட்காரும்.

பட்டிகளை இடப்பாகத்தின் இரண்டு பக்கமும் நிற்கும் பலகைகளின் உட்புறம் பசை தடவி, 32 மி.மீ. ஸ்க்ரூ எட்டு எட்டாகப் போட்டு முடுக்குங்கள். பள்ளத்தின் இரண்டு பக்கமும், பள்ளத்துக்கு அடியிலும் ஸ்க்ரூ விழ வேண்டும். பட்டி பிளக்காமல் இருக்க அதுதான் காவல். பட்டியின் மேல்விளிம்பு தரையிலிருந்து 71 இஞ்ச் 4 நூல் வந்தால் ராடின் நடு 69 இஞ்சில் நிற்கும், துணிக்கு 64 இஞ்ச் கிடைக்கும். குட்டையானவர்களுக்கு இதையே இறக்கிக்கொள்ளுங்கள்.

பிறகு ராடை மேலிருந்து பள்ளத்தில் இறக்கி, அதன்மேல் தட்டை வைத்தால் பள்ளம் மூடிக்கொள்ளும். ராடு எகிற வழியில்லை. ஒரே பட்டி ராடையும் தட்டையும் சேர்த்துத் தாங்குகிறது. பசை அகலமான பரப்பில் பிடிப்பதால் எடை பலகைக்குப் பரவி இறங்குகிறது. குழாயை உள் அகலத்தைவிட ஒரு நூல் மட்டும் குறைத்து வெட்டுங்கள். முனையை அரத்தால் தேய்க்க மறக்க வேண்டாம், பிசிறு முதலில் உங்கள் விரலையும் பிறகு புடவையையும் கிழிக்கும்.

தட்டுகளும் முன்சட்டமும்

34 இஞ்ச் 7 நூல் என்பது நாம் சொன்ன 32 இஞ்ச் எல்லையைத் தாண்டுகிறது. அதற்காகத்தான் தேக்குச் சட்டம். ஒன்றரை இஞ்ச் உயரச் சட்டத்தைத் தட்டின் முன்விளிம்பில், மேல்பரப்போடு சமமாகப் பசை போட்டு ஒட்டி, பசை காயும்வரை கிளாம்பில் இறுக்கி வையுங்கள். தட்டின் விறைப்பு இதனாலேயே கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்காகிறது. வெறும் ஆணியில் அடித்து நிறுத்தினால் இந்தப் பலன் இல்லை. சட்டமும் தட்டும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் ஒரே உடம்பாக வளையும்போதுதான் விறைப்பு கூடும், அதைச் செய்வது பசை. பார்வைக்காக ஒட்டும் பி.வி.சி. எட்ஜ் பேண்ட் விளிம்பை மூடும், எடை தாங்காது.

தட்டின் உயரத்தைப் பின்னால் மாற்றிக்கொள்ள முளை நல்லது. 5 மி.மீ. துளையை 12 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். டிரில் பிட்டில் அந்த அளவில் டேப் சுற்றிக்கொண்டால் மறுபக்கம் துளைத்துவிடும் பயமில்லை. நடுப்பலகையில் இரண்டு பக்கத்துத் துளையும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது. முன்னும் பின்னும் துளைகள் ஒரே மட்டத்தில் வர, 4 இஞ்ச் அகல ஹார்ட்போர்டில் ஒரு முறை துளை போட்டு அதையே அச்சாக எல்லாப் பலகையிலும் வைத்துத் துளையுங்கள். அச்சின் அடிமுனை எப்போதும் பலகையின் அடிமுனையோடு சேர வேண்டும். ஒரு முறை தலைகீழாகப் பிடித்தால் போச்சு, தட்டு நான்கு காலில் மூன்றில் நின்று ஆடும். பிளாஸ்டிக் முளை வேண்டாம்.

பூட்டுதல், நிறுத்துதல்

எல்லாவற்றையும் தரையில் படுக்க வைத்துப் பூட்டுங்கள். நிற்கும் பலகை ஒவ்வொன்றுக்கும் மேலே நான்கு, கீழே நான்கு 50 மி.மீ. ஸ்க்ரூ. பின்பலகை அடிக்கும் முன் மூலைக்கு மூலை டேப் பிடியுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை இஞ்ச் வித்தியாசம் இருந்தாலும் கதவு வாழ்நாள் முழுக்க உரசும். 6 மி.மீ. பின்பலகையை 6 இஞ்சுக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ போட்டு மூடியதும் அலமாரி பக்கவாட்டில் ஆடாது. சிலர் செலவு குறைக்கப் பின்பலகையை விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்ட அலமாரி ராடு நிறைந்ததும் ஒரு பக்கம் சாய்கிறது.

பி.வி.சி. கால்கள் ஆறும் மூன்று நிற்கும் பலகைகளுக்கு நேர் கீழே, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாக வர வேண்டும். நடுப்பலகையின் கீழ்க் காலை விட்டுவிட்டு நான்கு மூலைக்கு மட்டும் கால் வைப்பது அடிக்கடி நடக்கும் தப்பு. நடுப்பலகை இரண்டு பாகத்தின் பாதிப் பாதி எடையைச் சுமக்கிறது. அதற்குக் கீழே கால் இல்லையென்றால் அடிப்பலகை குழிந்து, ராடு தொங்கும் பாகமே சரியும்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை பழசானால் மட்டம் ஓடியிருக்கும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் அரை இஞ்ச் வித்தியாசம் சாதாரணம். ஆகவே எந்த உயரத்தையும் தரையிலிருந்து இரண்டு இடத்தில் அளந்து கோடு போடாதீர்கள். ஓர் இடத்தில் அளந்து, மற்ற இடத்துக்கு ரசமட்டத்தாலோ கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தாலோ கொண்டுபோங்கள். காலைத் திருகி அலமாரியை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒவ்வொரு காலுக்கும் அடியில் ரப்பர் துண்டு ஒன்றைச் செருகுங்கள். ஆத்தங்குடிக் கல் கையால் வார்த்த சிமெண்ட் கல், மேல் வண்ணப் படலம் மெல்லியது. நிறைந்த அலமாரியை இழுத்தால் கீறல் விழும், விழுந்த கீறல் தேய்த்தாலும் போகாது.

பலகையின் அடி தரையைத் தொடாமல் 4 இஞ்ச் உயரத்தில் நிற்பதில் இரண்டு லாபம். வீடு கழுவும் தண்ணீர் பிளையின் விளிம்பில் ஏறாது. கரையான் வந்தால் காலில் ஏறும் மண்கோடு கண்ணில் படும். கால்களை மறைக்கும் முன்பட்டியைக் காந்தத்திலோ கிளிப்பிலோ மாட்டுங்கள், மாதம் ஒரு முறை கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கலாம். செம்மண் பூமியில் இதை விடக் கூடாது.

சுவருக்கும் பின்பலகைக்கும் ஒரு இஞ்ச் இடைவெளி விடுங்கள். சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரம் வாங்கி வெயிலில் விடும். அதை அடைத்து ஒட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் பின்வரிசைத் துணியில் பூஞ்சை வாடை வரும். கடைசியாக, மேல்பலகையிலிருந்து சுவருக்கு இரண்டு சின்ன எல் ஆங்கிள், அந்த ஒரு இஞ்ச் இடைவெளியைத் தாண்டிப் பிடிக்கும் நீளத்தில். இவை எடை தாங்குவதற்கு இல்லை, குழந்தைகள் கதவில் தொங்கினால் அலமாரி முன்னால் கவிழாமல் பிடிக்க.

சுவரில் துளை போட வேண்டி வந்தால்

முதலில் அது எந்தச் சுவர் என்று பாருங்கள். மறைவான இடத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, கொட்டும் தூளைக் காகிதத்தில் பிடியுங்கள். சாம்பல் தூள் அரை இஞ்ச் வந்து உடனே சிவப்பானால் சிமெண்ட் பூச்சும் செங்கலும். வெள்ளைத் தூள் ஒரு இஞ்சுக்கு மேல் வந்துகொண்டே இருந்தால் பழைய சுண்ணாம்புப் பூச்சு. சிவப்பே வராமல் வெள்ளையும் மணலுமாகவே போனால் செங்கல் இணைப்பில் துளைக்கிறீர்கள், இரண்டு இஞ்ச் மேலோ கீழோ மாறுங்கள். ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகும் பிளக் இணைப்பில் பிடிக்காது.

ஸ்க்ரூவின் நீளம் இந்தத் தூளில்தான் இருக்கிறது. தட்டைத் தாங்கச் சுவரில் அடிக்கும் முக்கால் இஞ்ச் மரச்சட்டம், அதாவது ரீப்பர், 19 மி.மீ., சிமெண்ட் பூச்சு 15, செங்கலுக்குள் 40. கூட்டினால் 75 மி.மீ., அதாவது 3 இஞ்ச் ஸ்க்ரூ. சுண்ணாம்புச் சுவரில் பூச்சே 30 மி.மீ., செங்கலுக்குள் 50 என்று வைத்தால் 100 மி.மீ. தொடும். கடையில் கொடுக்கும் ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூ இரண்டிலும் பூச்சோடு நின்றுவிடும். ஒரு வாரம் தாங்கும், பிறகு பூச்சோடு பெயர்ந்து வரும்.

சுண்ணாம்புச் சுவரில் டிரில்லின் சுத்தியல் விசையை அணைத்துவிடுங்கள். அந்த அதிர்வில் பூச்சு உள்ளே செங்கலை விட்டுக் கழன்று, தட்டினால் பானை போல ஒலிக்கும். 6 மி.மீ. பிட்டில் தொடங்கி 8 மி.மீ.க்கு விரியுங்கள். சைக்கிள் பம்பால் தூளை ஊதி எடுத்த பிறகே பிளக்கைச் செருகுங்கள். பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றினால் அந்தத் துளையை நம்ப வேண்டாம். முட்டை வெண்கரு சேர்த்து இழைத்த பளபளப்புப் பூச்சில் துளையே போடாதீர்கள். கண்ணாடி போன்ற அந்த மேல்படலத்தை சிமெண்டாலும் புட்டியாலும் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியும், அதே பதத்தில் பூசத் தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைவு.

எல் பிராக்கெட்டில் நீளமான கை சுவரில், குட்டையானது தட்டுக்கு அடியில். பலர் மாற்றி மாட்டுகிறார்கள். ஒரு அடி ஆழத் தட்டில் 20 கிலோ வைத்தால், 8 இஞ்ச் கை சுவரில் இருக்கும்போது மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும் விசை 15 கிலோ. 4 இஞ்ச் கை என்றால் அதுவே 30. பிராக்கெட் பெயர்வது எப்போதும் மேல் ஸ்க்ரூவில்தான், ஆகவே நல்ல துளை ஒன்றுதான் கிடைக்கிறதென்றால் அதை மேலே கொடுங்கள்.

பழைய சுவர் அலமாரியில் ராடு

சுவரிலேயே அமைந்த அலமாரிகளின் ஆழம் பெரும்பாலும் ஹேங்கரின் அகலத்தைவிடக் குறைவு. குறுக்கே ராடு போட்டால் கதவு மூடாது. அங்கே ராடை முன்பின்னாகப் போட வேண்டும். மேல்தட்டின் அடியில் மாட்டி, முன்னால் இழுத்து வெளியே கொண்டுவரும் ராடு ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். 14 இஞ்ச் ஆழத்தில் எட்டுப் பத்து ஹேங்கர் முகம் காட்டித் தொங்கும். ஒரு ராடுக்கு 20 இஞ்ச் அகலம் விடுங்கள். இழுத்து நிற்கும்போது எடை முன்னால் வருவதால், அது தொங்கும் தட்டு பழைய தேக்குத் தட்டாகவோ 18 மி.மீ. பிளையாகவோ இருக்க வேண்டும், அதன் பின்முனை ரீப்பரிலிருந்து எழும்பாமல் ஸ்க்ரூ போட்டிருக்க வேண்டும்.

தட்டு மட்டும் போதுமென்றால் பின்சுவரிலும் இரண்டு பக்கமும் ஒன்றரைக்கு முக்கால் இஞ்ச் ரீப்பர் அடித்து, அதன்மேல் தட்டை வையுங்கள். ஸ்க்ரூ ஒரு அடிக்கு ஒன்று. இரண்டு பக்கச் சுவரும் இணையாக இருக்காது, முன்னால் ஒரு அளவு பின்னால் ஒரு அளவு வரும். அட்டையில் அச்சு வெட்டிப் பார்த்துவிட்டுப் பலகையை வெட்டுங்கள். சுண்ணாம்பு துணியில் ஒட்டாமலிருக்க ரீப்பர்களுக்கு நடுவே மெல்லிய பருத்தித் துணியைத் தொங்கவிட்டால் போதும். பிளாஸ்டிக் ஷீட் ஒட்டினால் சுவர் வியர்க்கும்.

ஏற்றிப் பார்த்தல்

துணியை அடுக்கும் முன் அலமாரியைச் சோதித்துவிடுங்கள். தட்டின் முன்விளிம்பில் முனைக்கு முனை நூலை இழுத்துப் பிடித்து, நடுவில் நூலுக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 25 கிலோ அரிசி மூட்டையைத் தட்டில் படுக்கப்போட்டு மறுநாள் காலை மீண்டும் நூல் பிடியுங்கள். 3 மி.மீ.க்குள் இறங்கியிருந்தால் சரி. அதற்கு மேல் போனால் சட்டம் ஒட்டாமல் விட்டிருக்கும், அல்லது இழை குறுக்கே ஓடும் பலகை. மரப்பலகை தொடர்ந்த எடையில் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல இன்னும் இறங்கும் என்பதால், முதல் நாளே 5 மி.மீ. இறங்கிய தட்டைக் கழற்றி மாற்றிவிடுங்கள்.

ராடில் இரண்டு கட்டைப்பைகளைத் தள்ளித் தள்ளித் தொங்கவிட்டு, ஒவ்வொன்றிலும் 12 கிலோ ஏற்றி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் பட்டியின் மேல்விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள். பலகைக்கும் பட்டிக்கும் நடுவே நகம் இறங்கும் அளவுக்குப் பிளவு தெரிந்தால் பசை பிடிக்கவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மீண்டும் ஒட்டி ஒரு நாள் காய விடுங்கள்.